ஒரு விசில்

இழுக்காதீங்க சார். இழுத்தா வராது. நானும் இழுத்துப் பார்த்துட்டேன், கை சிவந்ததுதான் மிச்சம்.

உங்க பைதான். இல்லைன்னு யார் சொன்னா? என் பெட்டிக்குப் போட்ட சங்கிலி உங்க பையோட கைப்பிடிக்குள்ளேயும் நுழைஞ்சு போகுது. சங்கிலிக்குப் பூட்டு இருக்கு. பூட்டுக்குச் சாவி இல்லை. அவ்வளவுதான் விஷயம். கத்தாதீங்க. திருடனா இருந்தா உங்க பையைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். கட்டிப்போட்டு ராத்திரி பூராக் காவல் காக்க மாட்டேன்.

சாவி திண்டுக்கல்லில் இருக்கு. எங்கப்பா சட்டைப் பையில்.

விஜயவாடாவிலா இறங்கணும்? அப்போ இப்ப நிக்கிறது எது? ஊர் இல்லையா, சிக்னலா? நாக்பூர் இல்லையே? இல்லை, சும்மா கேட்டேன். நாக்பூர் சாயங்காலம்தான் வரும்னு தெரியும், டிக்கெட்டிலேயே போட்டிருக்கு. ஒருவேளை வண்டி சீக்கிரம் வந்துட்டா? வராதா. சரி.

பைக்குள்ளே அப்படி என்ன இருக்கு? தோடா? காதுகுத்தா? யாருக்கு? தங்கச்சி மகளுக்கா. அப்போ நீங்கதான் தாய்மாமன், உங்க மடியிலதான் உக்கார வைப்பாங்க. மடி கூடவே வந்துருச்சுல்ல, தோட்டை அங்கே ஒரு கடையில் வாங்கிக்கக் கூடாதா? சரி சரி, முறைக்காதீங்க. செஞ்சு கொண்டுபோறது வேற, கடையில் வாங்குறது வேற. ஒத்துக்கறேன். எத்தனை மணிக்குக் குத்துறாங்க? பத்துக்கா. நேரம் இருக்கு சார். வண்டி நிக்குது, நீங்க நின்னு என்ன ஆகப் போகுது, உக்காருங்க. எப்படி ஆச்சுன்னு சொல்றேன். கேட்டா, யார் மேல கோபப்படணும்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

எங்கப்பா கண்டக்டர். திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போற பஸ். பேர் சவடமுத்து. என் பேர் பிரதீபன். பேரைச் சொல்லாதே, ஊரைச் சொல்லாதே, எங்கே போறேன்னு சொல்லாதேன்னு சொல்லித்தான் அனுப்பினார். எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாருங்க. நான் அப்படித்தான், மனசில் வர்றதைச் சொல்லிருவேன். அவரை மாதிரிச் சந்தேகப்பிராணி இல்லை.

அவருக்கு யாரைப் பார்த்தாலும் பிக்பாக்கெட்தான். வருஷக்கணக்கா நின்னுக்கிட்டே நத்தம் போயிட்டு வந்தவருக்கு உலகமே ஒரு பஸ் சார். பின் சீட்டில் உக்காந்திருக்கிறவன் திருடன், படியில் தொங்குறவன் போக்கிரி, சில்லறை இல்லைங்கிறவன் புளுகன். வீட்டிலயும் விசில்தான். சின்னப் பிள்ளையில் நான் தெருவில் ஓடினா வாசலில் நின்னு ஒரு விசில் அடிப்பார், நின்னுருவேன். ரெண்டு அடிச்சா ஓடலாம். பஸ்ஸில் அப்படித்தானே, ஒண்ணு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சாப் போ. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அடிச்சுப் பழகிட்டாங்க. பள்ளிக்கூடத்தில் என் பேரே 'நத்தம் வண்டி'.

அப்பேர்ப்பட்டவர் ரயிலில் எவ்வளவு தூரம் போயிருக்கார் தெரியுமா? திருச்சி. ஒரு கல்யாணத்துக்கு. அவர்தான் எனக்கு ஒரு வாரமாப் பாடம் எடுத்தார், ரயிலில் எப்படிப் போகணும்னு. யாராவது பிஸ்கட் கொடுத்தா வாங்காதே, மயக்க மருந்து இருக்கும். வாசல்கிட்ட நிக்காதே. ஜன்னலில் கை வைக்காதே, வாட்சைப் பிடுங்கிருவான். என்கிட்ட வாட்சே இல்லை சார். சீட்டை விட்டு எந்திரிக்காதே. பெட்டியை விட்டுட்டு இறங்காதே, வண்டி போயிரும். "அப்போ நாக்பூரிலயும் இறங்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். "வாய்டா, வாய். மார்க்கு வாங்காத வாய்"னார்.

பிளஸ் டூ பாஸ்தான். கணக்கில் மட்டும் தொட்டும் தொடாம. மேல படிக்க வரலை. வரலைன்னா வரலை, அதை மறைச்சு என்ன ஆகப் போகுது? நாக்பூரில் எங்க சித்தப்பா இட்லி மாவு அரைச்சுக் கடை கடையாப் போடுறார். ஆள் வேணும்னார். நான் போறேன்னேன். வீட்டில் ஒருத்தரும் அதை எதிர்பார்க்கலை. அம்மா "தனியாவா?"ன்னாங்க. அப்பா சட்டையை மாட்டிட்டு டியூட்டிக்குப் போயிட்டார். சாயங்காலம் திரும்பி வரும்போது கையில் சங்கிலி.

யாருக்குப் பயம்னு இப்பப் புரியுதா? எனக்கு ஒரு பயமும் இல்லை. இந்தா பாருங்க, உக்காந்திருக்கேன். ராத்திரி தூங்கலைன்னா அது பயத்தால் இல்லை, பெட்டி மேல காலை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது? பாத்ரூமும் போகலை. வரலை. வந்துச்சு, போகலை. அது என் இஷ்டம்.

பெட்டிக்குள்ளே என்னன்னு நினைக்கிறீங்க? தங்கமா? குழவிக் கல் சார். சித்தப்பாவோட பெரிய கிரைண்டருக்கு. அங்கே வாங்கினா சீக்கிரம் தேயுதாம், நம்ம பக்கத்துக் கல்லே வேணுமாம். துணி சுத்தித் தகரப் பெட்டிக்குள்ளே வெச்சிருக்கு. ஸ்டேஷனில் அதைத் தூக்க நான், அப்பா, ஒரு போர்ட்டர். ஏத்தி வெச்சுட்டு அந்த ஆள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே கேட்டார், "உள்ள யாரு சார் இருக்கா?"ன்னு. இதை எவன் திருடுவான்? திருடினா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். இதுக்கு ஒரு சங்கிலி.

பூட்டாவது சாதாரணப் பூட்டா? எங்க தெருவில் சகாயம் அண்ணன் பூட்டுப் பட்டறை வெச்சிருக்கார். திண்டுக்கல்லில் பூட்டுக்கு என்ன பஞ்சம்? "இது தெறக்கணும்னா சாவி வேணும், இல்லேன்னா நான் வேணும்"னு சொல்லித்தான் கொடுத்தார். வாங்கும்போது எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு. இன்னொரு சாவியும் கொடுத்தார். அது வீட்டில் சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. தொலைஞ்சுறக் கூடாதுல்ல.

எல்லாமே பெட்டிக்குள்ளே சார். சாப்பாடு உள்ளே. "சோத்துப் பையைத்தான்டா மொதல்ல தூக்குவான்"னார். பிரஷ் உள்ளே, சார்ஜர் உள்ளே. என் போனை லுங்கியில் சுத்திக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெச்சுட்டார். டச் போன் சார், கல்லுக்கு நடுவில். எனக்குக் கையில் கொடுத்தது அவரோட பழைய பட்டன் போன், ரப்பர் பேண்ட் போட்டது. அதை எவனும் பிடுங்க மாட்டான். கீழே போட்டாக்கூட எடுத்துக் கொடுத்துருவான்.

நீங்க மதுரையிலேயே ஏறிட்டீங்க போல. நாங்க வரும்போது மேலே தலையோடு காலாப் போர்த்திக் கிடந்தீங்க. ஆளா மூட்டையான்னே தெரியலை. அப்பா ஒரு விரலை வெச்சு அமுக்கிப் பார்த்தார், மன்னிச்சுக்கங்க. "ஆளுதான்டா"ன்னார். அப்புறம் சீட்டுக்கு அடியில் குனிஞ்சவர் உங்க பையைப் பார்த்துட்டார். "இது யாரு பை?"ன்னார். "பாவம்டா, கேப்பார் இல்லாமக் கெடக்கு, இதையும் சேத்துப் பூட்டிர்றேன்"னு சொல்லிக்கிட்டே சங்கிலியை உள்ளே விட்டுட்டார். "அப்பா, அடுத்தவங்க பைப்பா"ன்னேன். "அவரு எறங்குறப்ப நீ தெறந்து விடு. உனக்கும் ஒரு தொணை ஆச்சு, உங்கிட்டச் சொல்லாம மனுசன் எறங்க முடியாதுல்ல"ன்னார். பாருங்க புத்தி போறதை.

என்ன? ஆமா, 'நீ தெறந்து விடு'ன்னுதான் சொன்னார். அதுக்கென்ன இப்போ?

முழுசாக் கேளுங்க சார், நடுவில் நிறுத்தாதீங்க.

காக்கிச் சட்டையோட வந்திருந்தார். டியூட்டியை யாருக்கோ மாத்திவிட்டுட்டு அப்படியே ஓடி வந்துட்டார். எதிர் சீட்டில் ஒரு அம்மாவும் பொண்ணும். காலேஜ் படிக்கிற பொண்ணு. அவங்க முன்னாடி எனக்குத் திருநீறு பூசினார். டிக்கெட் தாளில் மடிச்சு வெச்சிருந்தார். பூசிட்டு, கண்ணில் விழாம நெத்தியில் ஊதினார். சரியாப் படலைன்னு திரும்பவும் பூசினார், திரும்பவும் ஊதினார். எனக்குப் பதினெட்டு வயசு சார்.

அதோட விட்டாரா? வழியில் நின்னவங்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு"ன்னு விரட்ட ஆரம்பிச்சிட்டார். காக்கியைப் பார்த்துட்டு ஒரு பெரியவர் டிக்கெட்டை எடுத்து அவர்கிட்ட நீட்டிட்டார். அதை வாங்கிப் பார்த்து, "சரி, போங்க"ன்னு அனுப்பி வெச்சார். அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிச்சு.

அப்புறம் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். எந்திரிச்சார், மறுபடியும் குனிஞ்சு இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார், சில்லறை போடுற பை. நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச்சு. அடிச்சுப் பிடிச்சு வாசலுக்கு ஓடினார். ஓடுற வண்டியில் ஏறி இறங்கிப் பழகினவர்தானே, குதிச்சுட்டார்.

சாவியைக் கேட்டிருக்கலாம்தான். தோணலை. அவர் இறங்கினாப் போதும்னு இருந்துச்சு. உண்மையைத்தானே சொல்லணும்?

இறங்கினவர் எல்லா அப்பாக்களையும் போலக் கையை ஆட்டிட்டு நின்னிருக்கலாம்ல? நிக்கலை. திடீர்னு சட்டையைத் தட்டிக்கிட்டே வண்டி பின்னாடி ஓடி வர்றார். ஓடிக்கிட்டே கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து அடிச்சார் சார். ரயிலுக்கு. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்துச்சு. எங்க கோச்சில் ஒருத்தர் பாக்கி இல்லாமச் சிரிச்சாங்க. "ரைட், போலாம் ரைட்"னு எவனோ கத்தினான். அந்தப் பொண்ணு என்கிட்ட, "உங்கப்பாவா?"ன்னு கேட்டுச்சு. நான் ஜன்னலை இறக்கிட்டேன். இரும்பு ஷட்டர், டமால்னு விழுந்துச்சு.

டீயா? எனக்கு வேண்டாம் சார். நீங்க குடிங்க. இல்லை, பசி இருக்கு, இல்லைன்னு சொல்லலை. நேத்து மத்தியானம் சாப்பிட்டதுதான். நீங்க வாங்கிக் கொடுக்கிறதை எப்படி... சரி, நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க. இந்தக் கப்பில். சந்தேகம் எல்லாம் இல்லை. சும்மா, சூடு எப்படி இருக்குன்னு பார்க்கத்தான். ம். ஒரு நிமிஷம் இருங்க, பார்ப்போம்.

ஜன்னலை இறக்கின உடனே பட்டன் போன் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. எடுக்கலை. என்ன கேப்பார்? பெட்டி பத்திரமா, டிக்கெட் பத்திரமா, நெத்தியில் திருநீறு இருக்கா. கட் பண்ணேன். திரும்ப அடிச்சார். கட் பண்ணேன். மணப்பாறை வரைக்கும் இதே வேலை. இப்பத்தான் இறங்கின மனுஷனுக்கு அதுக்குள்ளே என்ன பேச்சு? அப்புறம் ஆஃப் பண்ணி வெச்சேன். ஒரு அவசரம்னா பேட்டரி வேணும்ல?

திருச்சி தாண்டினதும் பசிச்சுது. சாப்பாட்டை எடுக்கலாம்னு குனிஞ்சேன். குனிஞ்சப்பதான் சார் தெரிஞ்சுச்சு, சாவி என்கிட்ட இல்லைன்னு. போனை ஆன் பண்ணினேன். ஆகலை. தட்டினேன், ரப்பர் பேண்டை எடுத்துட்டுத் திரும்ப மாட்டினேன். ஆகவே இல்லை. அதோட சார்ஜர் பெட்டிக்குள்ளே. இந்தக் கோச்சில் யார்கிட்டயும் அந்தச் சின்னப் பின் சார்ஜர் கிடையாது, கேட்டுட்டேன்.

அப்பதான் எனக்கு எல்லாம் புரிஞ்சுச்சு. வேணும்னே செஞ்சிருக்கார் சார். என் டச் போன் கையில் இருந்தா அதை நோண்டிக்கிட்டே நாக்பூரைத் தாண்டிப் போயிருவேன்னு நினைச்சிருக்கார். வீட்டில் இருக்கும்போதே அதுதான் பேச்சு, "போனைக் குடுத்தா வீடு பத்தி எரிஞ்சாலும் தெரியாது இவனுக்கு"ன்னு. சித்தப்பாகிட்டப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் அதைத் தொடக் கூடாது. அதுக்குத்தான் பூட்டிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கிட்டு இறங்கிட்டார். பெத்த பிள்ளையை நம்பாத மனுஷன். பசிக்குமேன்னு ஒரு நினைப்பு வந்துச்சா? சொல்லுங்க.

அந்தப் பொண்ணு பாவம், தலையில் இருந்து ஹேர்பின்னை எடுத்துப் பூட்டுக்குள்ளே விட்டுப் பார்த்துச்சு. பின் வளைஞ்சுது. அடுத்த பின்னும் வளைஞ்சுது. "என்னப்பா பூட்டு இது?"ன்னுச்சு. "எங்க ஊர்ப் பூட்டு, அப்படியெல்லாம் திறக்காது"ன்னேன். வாய் தானா வந்துருச்சு. டிக்கெட் பரிசோதிக்க வந்தவர்கிட்டச் சொன்னேன். அவரும் குனிஞ்சு பார்த்துட்டு, "நல்லாப் பூட்டியிருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அந்த அம்மா சப்பாத்தி கொடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன். அவங்களும் பொண்ணும் அதையே சாப்பிட்டாங்க. சாப்பிட்டு ஒண்ணும் ஆகலை. நான்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். சென்னையில் ரெண்டு பேரும் இறங்கிப் போயிட்டாங்க, நல்லாத்தான் நடந்து போனாங்க.

அதுக்கப்புறம் நீங்களும் நானும்தான். உண்மையைச் சொன்னா, உங்களைத்தான் ராத்திரி பூராப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் தூங்குவானா? தூங்குற மாதிரி நடிக்கிறார்னு நினைச்சேன். குறட்டை கொஞ்சம் ஓவரா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. எழுப்பிப் பையைப் பத்திச் சொல்லியிருக்கலாம்தான். எழுப்பினா சண்டைக்கு வருவீங்க. இப்ப வந்த மாதிரி.

வாடையா? ஆமா, வருது. பெட்டிக்குள்ளே இருந்துதான். அம்மா தயிர் சாதம் வெச்சிருந்தாங்க. புளிச்சிருச்சு.

உங்க போனா? அப்பாவைக் கூப்பிடவா? நம்பர் தெரியாதே சார். 'அப்பா'ன்னு போட்டா வரும். அப்பா நம்பரை எவன் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்? உங்களுக்குத் தெரியுமா உங்க அப்பா நம்பர், சொல்லுங்க பார்ப்போம்.

தெரியுமா. சரி.

தெரிஞ்சாலும் கூப்பிட மாட்டேன். என்னன்னு பேசுறது? சாவியைக் கொடுங்கன்னு விஜயவாடாவில் இருந்து கேக்கவா? நாக்பூரில் என்ன செய்வேன்னு கேக்குறீங்க. இறங்க மாட்டேன். பெட்டியை விட்டுட்டு இறங்காதேன்னு சொல்லியிருக்கார்ல? இறங்கலை. டெல்லி வரைக்கும் போறேன். சித்தப்பா பிளாட்பாரத்தில் நிக்கட்டும். அவர் சொன்னபடி கேட்டா என்ன ஆகும்னு அப்பத் தெரியட்டும். பிஸ்கட் வாங்காதேன்னார், சப்பாத்திகூட வாங்கலை. எந்திரிக்காதேன்னார், எந்திரிக்கலை. அவர் சொன்னது அத்தனையும் செஞ்சிருக்கேன். நீங்களே சாட்சி.

என்ன சார் கேக்குறீங்க? விசிலா? எத்தனை அடிச்சாருன்னா? ஒண்ணு. நீளமா ஒண்ணு. ரயிலுக்கு விசில் அடிச்சாருங்கிறதே கேவலம், இதில் எத்தனைன்னு கணக்கா? ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

சரி, வண்டி நகருது. உங்க ஊர் வரப் போகுது போல. நல்லா யோசிங்க, பையில் ஜிப் எந்தப் பக்கம் இருக்கு? சுவர்ப் பக்கமா. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினா ஜிப்பைத் திறந்து தோட்டை மட்டும் எடுத்துறலாம். ஆனா நகராதே. கல்லும் இருக்கு, சங்கிலியும் இருக்கு. பெட்டிக்குப் பின்னாடி உங்க பை அகப்பட்டுக் கிடக்கு.

சார், அந்தக் கொய்யாப்பழக்காரரைக் கூப்பிடுங்க. கூப்பிடுங்க சொல்றேன். அவர் கையில் கத்தி இருக்கு. பழம் இல்லை சார், கத்தி. தெலுங்கில் கத்திக்கு என்ன? கத்திதானா? அப்போ வசதியாப் போச்சு.

கைப்பிடியை அறுத்துட்டா உங்க பை வந்துரும். சங்கிலி கைப்பிடிக்குள்ளேதானே போகுது, பைக்குள்ளே போகலையே. புதுப் பைதான், தெரியுது. பை பெருசா, காது பெருசா? தங்கச்சி வீட்டுக்காரர் முன்னாடி தோடு இல்லாமப் போய் நிக்கப் போறீங்களா? தாய்மாமன் இல்லையா நீங்க? அறுங்க. நான் வேணா அறுக்கிறேன். நீங்களே அறுக்குறீங்களா, சரி. இந்தப் பக்கம், தையல்கிட்ட. நான் காலைத் தூக்கிக்கறேன். எந்திரிக்க மாட்டேன், பெட்டி இருக்குல்ல. அறுங்க, அறுங்க. அந்த ஆள் சிரிக்கிறார் பாருங்க. சிரிக்கட்டும்.

வந்துருச்சு. இப்ப இழுங்க. பக்கவாட்டில், பக்கவாட்டில். அவ்வளவுதான் சார். ராத்திரியே இதைச் செஞ்சிருக்கலாம். சங்கிலி, பூட்டு, சகாயம் அண்ணன், எல்லாம் ஒரு கொய்யாப்பழக் கத்திக்கு முன்னாடி நிக்கலை. திறந்து பாருங்க, தோடு இருக்கா? இருக்குல்ல. அழகா இருக்கு. சின்னதா. பூ மாதிரி.

என் பெட்டிக்குக் கைப்பிடி இரும்பு. அறுக்க முடியாது. பரவாயில்லை, என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க.

என்ன சொல்றீங்க, அவர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போர்த்திப் படுத்திருந்தீங்க. அவரை எனக்குத் தெரியும் சார், நான் பதினெட்டு வருஷமா அந்த வண்டியில்தான் போறேன். நீங்க கிளம்புங்க. கைப்பிடி இல்லை, கக்கத்தில் வெச்சுக்கங்க. பிக்பாக்கெட் இருப்பான், பார்த்துப் போங்க. போங்க சார், பாப்பா காத்துக்கிட்டு இருக்கும். அழும்போது ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சுக்கங்க, எனக்குக் குத்தும்போது எங்க மாமா கையை விட்டுட்டாராம், ஒரு காது ஏறுமாறாப் போச்சு. பாருங்க.

டீ நல்லாத்தான் இருந்துச்சு. தேங்க்ஸ்.

*

சார். என்ன சார், இன்னும் பிளாட்பாரத்தை விட்டுப் போகலையா நீங்க? காதுகுத்துக்கு நேரமாகலையா? இட்லியா? எனக்கா? வேண்டாம் சார், பசிக்கலை. பசிக்குது, ஆனா வேண்டாம். இல்லை, சந்தேகம் இல்லை, டீயே குடிச்சேன்ல. வண்டி கிளம்பிருச்சு, நீங்க நில்லுங்க. ஓடாதீங்க சார், கையில் பை வேற இருக்கு, தோடு கீழே விழுந்துரும்.

என்ன? வண்டிச் சத்தத்தில் கேக்கலை.

கையை நீட்டவா?

இதேதான் சார். அவரும் இப்படியேதான் ஓடி வந்தார். ஒரு கையால் இந்த ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். இன்னொரு கையை இப்படி இறுக்கி மூடியிருந்தார். நான் இன்னும் திருநீறு மிச்சம் இருக்குபோலன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு வேற பார்த்துக்கிட்டே இருந்துச்சு. விசில் அடிச்சதுக்கு அப்புறம், ஷட்டர் விழுறதுக்கு முன்னாடி, "கையை நீட்டுடா, கையை நீட்டுடா"ன்னார்.

நான் நீட்டலை.